சர்வரை மாற்றித் தருகிறோம் என்று வருபவரிடம் லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்கள்

கஞ்சிக்கோடு, வாளையாறு பக்கம் சின்னக் கம்பெனி நடத்துபவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

எங்களிடம் இருந்தவை பழைய டவர் சர்வர்கள். ஓடியது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரோடு அதைக் கைவிட்டது. எல்லாவற்றையும் ஒரே புதுப் பெட்டிக்குள் விர்ச்சுவல் மெஷின்களாக (ஒரே கம்ப்யூட்டருக்குள் தனித்தனி கம்ப்யூட்டர்கள் போல ஓடுபவை) மாற்றித் தருவதாக மறு வருடம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். கொட்டேஷனில் 'விஎம்வேர் நிரந்தர லைசென்ஸ்' என்று ஒரு வரி, அதற்கு நல்ல தொகை. விஎம்வேர் என்பது அந்த மெஷின்களை ஓட்டும் மென்பொருள். விஎம்வேரை பிராட்காம் வாங்கிய கையோடு, 2023 டிசம்பரிலேயே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்றுபோனது; அப்புறம் சந்தாதான். கடையிலேயே இல்லாத சரக்குக்குப் பில் போட்டிருக்கிறார் மனிதர்!

உண்மையில் போட்டிருந்தது 60 நாள் சோதனை லைசென்ஸ். கெடு முடிந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்கள் நிற்காது. ஒருமுறை அணைந்தால்தான் மறுபடி ஆன் ஆகாது. அதனால் டாலி, ஃபைல் சர்வர் எல்லாம் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தன. ஆடிக் காற்றில் கரண்ட் போனது, யுபிஎஸ்ஸும் இறங்கிவிட்டது. கரண்ட் வந்ததும் பெட்டி எழுந்தது. உள்ளே ஒரு மெஷினும் எழவில்லை. 'பவர் ஆன்' அமுக்கினால் லைசென்ஸ் முடிந்துவிட்டது என்கிறது. வாசலில் லோடு ஏற்றிய லாரி. பில் விவரமெல்லாம் டாலிக்குள். அது இல்லாமல் இ-வே பில் எப்படிப் போடுவது, வண்டி எப்படி வாளையாறு தாண்டுவது?

போன் செய்தால், "அது டெமோதான் சார், ஒரிஜினலுக்குத் தனியா கொட்டேஷன் அனுப்பறேன்" என்கிறார்.

சரி, பேக்கப்? தினமும் எடுப்பதாகச் சொன்னது வெறும் ஸ்னாப்ஷாட் (மெஷினின் அந்த நேரத்து நிலையைக் குறித்துவைப்பது, தனி நகல் அல்ல), அதுவும் அதே டிஸ்க்கில். மூல டிஸ்க் போனால் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து போகும். 72 மணி நேரத்துக்கு மேல் ஒரு ஸ்னாப்ஷாட்டை வைக்காதீர்கள் என்று விஎம்வேரே சொல்கிறது. நல்லவேளை, டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பாலக்காட்டுப் பையன் ஒருவன் அந்த மெஷின்களின் கோப்புகளை எடுத்து, விஎம்வேர் போலவே வேலை செய்யும் காசில்லாத ப்ராக்ஸ்மாக்ஸில் ஏற்றி ஓடவைத்தான்.

பாக்கித் தொகை கொடுப்பதற்கு முன் ரூட் பாஸ்வேர்டை (பெட்டியின் முழு அதிகாரமும் உள்ள பாஸ்வேர்டு) வாங்கி, லைசென்ஸ் பக்கத்தில் காலாவதித் தேதி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். எல்லா மெஷினையும் அணைத்து ஆன் செய்யச் சொல்லுங்கள். பேக்கப்பிலிருந்து ஒன்றையாவது வேறு பெட்டியில் எழுப்பிக் காட்டட்டும். பழைய சர்வரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆட்களின் சம்பளக் கணக்கு, ஆதார் நகல் எல்லாம் இருந்த டிஸ்க்குகளையும் சேர்த்து எடுத்துப் போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை.