வீட்டை ஒழுங்குபடுத்தும் சேமிப்புத் தொகுப்பு: எது பயன்படுகிறது, எது இடத்தை அடைக்கிறது

வீட்டில் சேர்ந்துவிட்ட அடைசலைக் குறைத்து ஒழுங்குபடுத்துவதற்கென்றே ஒரே அட்டைப்பெட்டியில் கட்டி விற்கப்படும் சேமிப்புத் தொகுப்புகள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. தயாரிப்பாளர்கள் பலர் என்றாலும் உள்ளே இருப்பவை ஏறத்தாழ ஒன்றுதான்: மூடி போட்ட ஒளிபுகும் பெட்டிகள், இழுப்பறைக்குள் வைக்கும் ஆழம் குறைந்த தட்டுகள், துணிகளுக்கான காற்றகற்றும் பைகள், மடக்கி வைக்கக்கூடிய துணிப்பெட்டிகள், சுவரில் ஒட்டும் கொக்கிகள், எழுதி ஒட்டுவதற்கான லேபிள்கள், அத்துடன் ஒரு சிறு வழிகாட்டிப் புத்தகம். அத்தகைய தொகுப்பு ஒன்றை வாங்கி, அதிலுள்ள ஒவ்வொன்றையும் அன்றாடப் புழக்கத்தில் வைத்துப் பார்த்தபின் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். விளம்பரப் படத்தில் ஓரமாகக் கிடக்கும் இழுப்பறைத் தட்டுகள்தாம் வீட்டின் ஒழுங்கை உண்மையில் மாற்றுகின்றன. படத்தின் நடுவில் அடுக்கடுக்காக நிற்கும் பெரிய பெட்டிகள் பாதி வேலையைத்தான் செய்கின்றன. காற்றகற்றும் பைகளும் துணிப்பெட்டிகளும் பெரும்பாலானோருக்குத் தேவைப்படா.

இந்த முடிவுக்கு வர நான் கையாண்ட அளவுகோலை விளக்கிவிடுவது நல்லது. தயாரிப்பாளர்கள் சேமிப்புப் பொருட்களை லிட்டர் கணக்கில் அளக்கிறார்கள். எவ்வளவு கொள்ளும் என்பதே அவர்கள் பெருமை பேசும் செய்தி. ஆனால் ஒரு பொருளைத் திரும்ப வைப்பதற்குக் கை எத்தனை முறை அசைய வேண்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தே வீட்டின் ஒழுங்கு நிலைக்கிறது. பொருளை எடுக்கும்போது தேவை நம்மை உந்துகிறது. எத்தனை பெட்டிகளுக்கு அடியில் இருந்தாலும் தேடி எடுத்துவிடுகிறோம். திரும்ப வைக்கும்போது அந்த உந்துதல் இருப்பதில்லை. கத்தரிக்கோல் இழுப்பறையில் இருந்தால் இழுப்பது, போடுவது, தள்ளுவது என்று மூன்று அசைவுகளில் வேலை முடிந்துவிடும். அதே கத்தரிக்கோல் அலமாரிக்குள் அடுக்கப்பட்ட பெட்டிகளில் கீழ்ப்பெட்டியில் இருந்தால், கதவைத் திறந்து, மேற்பெட்டியை இறக்கி, பிடிப்புகளை விடுவித்து, மூடியைக் கழற்றி, உள்ளே போட்டு, இவை அத்தனையையும் மறுபடி தலைகீழ் வரிசையில் செய்ய வேண்டும். அதனால் அது மேசையிலேயே தங்கிவிடும். மேசையில் ஒரு பொருள் தங்கினால் அதன் பக்கத்தில் இன்னொன்று வந்து சேரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த அளவுகோலின்படி இழுப்பறைத் தட்டுகளுக்கு முதலிடம். மூடி இல்லை, பிடிப்பு இல்லை. போட்ட இடத்தில் பொருள் கிடக்கும், திறந்த மாத்திரத்தில் எல்லாம் கண்ணில் படும். தொகுப்பில் வந்தவை ஒன்றின் அகலம் இன்னொன்றின் அகலத்தைப் போல் இருமடங்காக அமைந்திருப்பதால், எப்படி மாற்றி அடுக்கினாலும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. அடியில் ஒட்டும் சிறு ரப்பர் பொட்டுகளைப் பலர் தேவையில்லை என்று தூக்கி எறிந்துவிடக்கூடும். அவை இல்லாவிட்டால் இழுப்பறையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தட்டுகள் பின்பக்கம் ஓடி அடுக்கு குலைந்துவிடும். வாங்குமுன் அளக்க வேண்டியவை இழுப்பறையின் உட்புற அகலமும் நீளமும் மட்டுமல்ல. உட்புற உயரம் இவற்றைவிட முக்கியம். மேலே உள்ள குறுக்குச் சட்டத்தில் தட்டின் விளிம்பு இடித்தால் அது எவ்வளவு நல்ல தட்டாக இருந்தும் பயனில்லை. இந்தத் தட்டுகளில் எனக்குள்ள குறை அவற்றின் மூலப்பொருள்தான். கண்ணாடிபோல் பளிச்சென்று தெரியும் இவை பாலிஸ்டைரீனால் ஆனவை. அடிப்புறத்து முக்கோணத்துக்குள் 6 என்ற எண் இருப்பதைக் கொண்டு அறியலாம். பாலிஸ்டைரீன் விறைப்பானது, ஆனால் கீழே விழுந்தால் மூலை தெறித்துவிடும் தன்மையுடையது. சற்றே பால்நிறம் கலந்த பாலிபுரோப்பிலீன் தட்டு, அதாவது 5 என்ற எண் கொண்டது, அழகில் ஒருபடி குறைந்தாலும் நெடுநாள் உழைக்கும்.

தட்டுகள் வந்தபின் இழுப்பறையில் நடக்கும் ஒரு நல்ல காரியத்தைத் தயாரிப்பாளர் தம் அட்டையில் எங்கும் குறிப்பிடவில்லை. பேட்டரிகள் சாவிகளோடும் நாணயங்களோடும் கலந்து கிடப்பது நின்றுவிடுகிறது. 9 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளும் ஒரே பக்கத்தில் அருகருகே இருப்பதால், ஓர் உலோகத் துண்டு அவற்றின் குறுக்கே பட்டாலே மின்சுற்று குறுகி வெப்பம் ஏறித் தீப்பற்றும் ஆபத்து உண்டு. முனைகளின்மேல் ஒட்டுநாடா ஒட்டித் தனித்தட்டில் வைப்பதே முறை. ஆனால் பொத்தான் வடிவப் பேட்டரிகளுக்குத் திறந்த தட்டு ஆகாது. குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சில மணி நேரத்துக்குள் கடுமையான புண்ணை உண்டாக்கக்கூடியவை என்பதால், சிறுவர் உள்ள வீட்டில் அவற்றை மட்டும் எட்டாத உயரத்தில் மூடிவைக்க வேண்டும். கையசைவுகள் எவ்வளவு கூடுகின்றனவோ அவ்வளவுக்கு நன்மை என்று கொள்ள வேண்டிய இடங்களும் உண்டு. மருந்துகளையும் இவ்வகையிலேயே சேர்ப்பேன்.

அடுத்து, தொகுப்பின் கதாநாயகர்களாகக் காட்டப்படும் மூடிபோட்ட பெட்டிகள். முதலில் அவற்றின் கொள்ளளவு. அட்டையில் அச்சிட்டிருப்பது 30 லிட்டர். பெட்டியின் மேல்விளிம்பை வெளிப்புறமாக அளந்தால் 40 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் உயரம். பெருக்கினால் சரியாக 30 லிட்டர்தான். ஆனால் ஒன்றுக்குள் ஒன்று செருகி அடுக்கி அனுப்ப வசதியாக இத்தகைய பெட்டிகளின் சுவர்கள் கீழ்நோக்கிக் குறுகுகின்றன. அடிப்புறம் 36-க்கு 26 ஆகக் குறுகியிருப்பதால் உண்மையான கொள்ளளவு 27 லிட்டருக்கும் கீழே போகிறது. சுவரின் தடிமனும் மூடி உள்ளே இறங்கும் பகுதியும் இன்னும் கொஞ்சத்தை எடுத்துக்கொள்கின்றன. வாங்குவோர் கவனிக்க வேண்டியது அடிப்புற உள்ளளவை. ஏ4 தாள் 297 மில்லிமீட்டர் நீளமும் 210 மில்லிமீட்டர் அகலமும் உடையது. கோப்பு அட்டை அதைவிடப் பெரியது. மேல்விளிம்பை மட்டும் அளந்து வாங்கிய பெட்டியில் கோப்புகள் படுக்காமல் சரிந்து நிற்பதற்கு இதுவே காரணம்.

எடையும் கணக்கில் வர வேண்டும். வழக்கமான 80 கிராம் வகை ஏ4 தாளில் 500 கொண்ட ஒரு கட்டு சுமார் 2.5 கிலோ, இந்தப் பெட்டியைத் தாள்களால் நெருக்கி நிரப்பினால் 20 கிலோவைத் தொடும். அதை அலமாரியின் மேல்தட்டிலிருந்து இறக்குவது முதுகுக்குக் கேடு. எனவே புத்தகத்துக்கும் தாளுக்கும் சிறிய பெட்டி, போர்வைக்கும் தலையணைக்கும் பெரிய பெட்டி என்று வைத்துக்கொள்வதே சரி. தொகுப்பில் எல்லாமே ஒரே அளவில் வருவது இதன் பெருங்குறை. இவற்றை வைக்கும் அலமாரிப் பலகையையும் பார்க்க வேண்டும். பலகையின் நெடுகிலும் ஒரே சீராகச் சுமை ஏற்றப்பட்டிருந்தால், தாங்கிகளுக்கு இடையிலான தூரம் இருமடங்காகும்போது பலகை நடுவில் தொய்வது பதினாறு மடங்காகும். பலகையைத் தடிமனாக்குவதைவிட நடுவில் ஒரு தாங்கி சேர்ப்பது எளிதான தீர்வு.

பெட்டிகளின் தரத்தில் குறை சொல்ல முடியாது. உடலும் பிடிப்பும் பாலிபுரோப்பிலீன். பலமுறை வளைந்தும் எளிதில் ஒடியாத இந்தப் பிளாஸ்டிக்கைத்தான் ஷாம்பூ புட்டிகளின் மடக்கு மூடிகளிலும் பயன்படுத்துகிறார்கள். ஒரே எச்சரிக்கை, நேர்வெயில் படும் மாடத்திலோ சன்னலோரத்திலோ இவற்றை நிரந்தரமாக வைக்கக் கூடாது. புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் இல்லாத பாலிபுரோப்பிலீன் காலப்போக்கில் நொறுங்கும். ஆக, ஆண்டில் ஓரிரு முறை எடுக்கும் பொருட்களுக்கு இந்தப் பெட்டிகள் பொருத்தம். வாரத்தில் ஒருமுறையாவது எடுப்பவற்றை இவற்றில் வைத்தால் மூடி ஒருபக்கமும் பெட்டி ஒருபக்கமுமாகக் கிடக்கும். முன்பக்கக் கதவு திறக்கும் வகைப் பெட்டிகள் தனியாகக் கிடைக்கின்றன. அடுக்கைக் குலைக்காமல் கைவிட்டு எடுக்க முடிவதால் புழங்கும் பொருட்களுக்கு அவையே மேல்.

காற்றகற்றும் பைகள் முதல் பார்வையில் வியக்கவைக்கின்றன. தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் குழாயை வால்வில் பொருத்தியதும் தடித்த மெத்தைவிரிப்பு கண்ணெதிரே சுருங்கிப் பலகையாகிவிடுகிறது. ஆனால் குறைவது கனஅளவுதான், எடையில் ஒரு கிராமும் குறைவதில்லை. வால்விலும் வாய்ப்பூட்டிலும் உள்ள நுண்ணிய கசிவால் சில மாதங்களில் பை மெல்ல உப்பி, நெருக்கமாகச் செருகிய இடத்தில் மாட்டிக்கொள்கிறது. இறகு அடைத்த போர்வைகளையும் மேலாடைகளையும் நெடுநாள் அழுத்தி வைத்தால் அவற்றின் உப்பலும் கதகதப்பும் குறையும். தோலாடைகளில் மடிப்புத் தழும்பு நிலைத்துவிடும். துணியில் சற்றே ஈரம் இருந்தாலும் அதையும் சேர்த்தே பூட்டிவிடுவதால் பூஞ்சை பிடிக்கும். நன்றாக உலர்த்திய துணியோடு ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவது நல்லது. இடம் மாறிக் குடியேறும்போது ஓரிரு வாரங்களுக்கு இப்பைகள் அருமையாக உதவும். நிரந்தரச் சேமிப்புக்கு நான் இவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன்.

துணிப்பெட்டிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நெய்யப்படாத பாலிபுரோப்பிலீன் துணியை அட்டைமேல் போர்த்தியிருக்கிறார்கள். ஈரம் பட்டால் உள்ளட்டை வளைந்துவிடும், உள்ளே இருப்பது வெளியே தெரியாது. ஒட்டும் கொக்கிகள் பரவாயில்லை. ஒட்டுமுன் சுவரை ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக அழுத்தி ஒட்டி, ஒரு மணி நேரம் எதையும் மாட்டாமல் விட்டால் அட்டையில் சொன்ன எடையைத் தாங்குகின்றன. உதிரும் சுண்ணாம்புச் சுவரில் எந்த ஒட்டுக்கொக்கியும் நிற்காது. பசை பிடித்தாலும் சுவர் விட்டுக்கொடுத்துவிடும்.

லேபிள்கள் கையால் எழுதுபவை என்பதை ஒரு நிறையாகவே கருதுகிறேன். வெப்ப அச்சு லேபிள்கள் பார்வைக்குச் சீராக இருந்தாலும், மேற்பூச்சு இல்லாதவை ஒளியிலும் வெப்பத்திலும் மங்கிப்போகும். அதோடு, கையெழுத்தில் உள்ளதை அடித்துத் திருத்தி எழுத யாரும் தயங்குவதில்லை. எழுதும் சொல்லில்தான் கவனம் வேண்டும். “கம்பிகள்” என்று எழுதினால் எல்லாக் கம்பியும் அங்கே வந்து சேரும். “கைப்பேசி சார்ஜர்” என்று எழுதினால் அதற்கு மட்டுமே இடம். தொகுப்பில் முன்கூட்டியே அச்சிட்டு வந்த லேபிள்களில் ஒன்று “இதர” என்பது. அதை உடனே கிழித்துப் போடும்படி எல்லோருக்கும் சொல்வேன், ஏனென்றால் அந்தச் சொல் ஒட்டிய பெட்டியில்தான் அடுத்த அடைசல் தொடங்குகிறது.

வழிகாட்டிப் புத்தகம் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறது, ஆனால் அதன் வரிசை தலைகீழ். பெட்டிகளை எப்படி அடுக்குவது என்று தொடங்கி, வேண்டாதவற்றைக் கழிப்பதைக் கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பெட்டி விற்பவருக்கு இந்த வரிசை வசதி, வாங்கியவருக்கு அல்ல. முதலில் ஒரு வகைப் பொருள் முழுவதையும் ஓரிடத்தில் குவித்து, வைத்துக்கொள்வது, கொடுப்பது, கழிப்பது என்று பிரித்து, மிஞ்சியதை அளந்தபின்தான் எத்தனை பெட்டி, என்ன அளவு என்பதே தெரியவரும். கழிக்கும் கட்டத்தில் புத்தகம் கேட்கச் சொல்லும் கேள்வி, “கடந்த ஓராண்டில் பயன்படுத்தினேனா?” என்பது. கேட்கலாம்தான், ஆனால் மனம் அதற்கு எளிதாகச் சாக்குச் சொல்லிவிடும். நம் கையில் இருப்பது என்பதற்காகவே ஒரு பொருளுக்கு நாம் கூடுதல் மதிப்புத் தருவதைப் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் 1980-இல் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். அவரும் டேனியல் கானமன், ஜாக் நெட்ச் ஆகியோரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரணக் காப்பிக் குவளையைக் கையில் பெற்றவர்கள் அதை விற்கக் கேட்ட தொகை, பெறாதவர்கள் வாங்கத் தர முன்வந்த தொகையைப் போல் ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. இந்தச் சாய்வைச் சற்றே விலக்கிப் பார்க்க, “இது என்னிடம் இல்லாதிருந்தால் இன்றைக்குப் போய் வாங்குவேனா?” என்று கேட்பது கூடுதல் பலன் தரும். அப்போதும் முடிவெடுக்க முடியாதவற்றை ஒரு பெட்டியில் இட்டு, தேதி எழுதி ஒட்டி வைக்கச் சொல்லும் புத்தகத்தின் யோசனை மிக நல்லது. மூடிபோட்ட பெரிய பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. குறித்த தேதிவரை ஒருமுறையும் திறக்கத் தோன்றாவிட்டால் உள்ளே இருப்பதைப் பற்றிய முடிவும் தானாகவே கிடைத்துவிடும்.

இழுப்பறைகள் அதிகமும் அலமாரிகள் குறைவுமாக உள்ள வீட்டுக்கு இந்தத் தொகுப்பை வாங்குவது வீண். தட்டுகளை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளலாம். பருவத்துக்கு ஒருமுறை மாற்றும் துணிகளும் படுக்கைகளும் மிகுதியாக உள்ளவர்களுக்கு இரண்டு மூன்று பெட்டிகள் பயன்படும். எதை வாங்கினாலும், அதே அளவுத் தட்டையும் மூடியையும் தயாரிப்பாளர் உதிரியாக விற்கிறாரா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். மாதிரி மாறிவிட்டால் பழையதோடு புதியது பொருந்தாது; ஒரு மூடி உடைந்ததற்காக ஒரு தொகுப்பையே மறுபடி வாங்க வேண்டிவரும். தொகுப்பாகவே வாங்கிவிட்டவர்கள் காற்றகற்றும் பைகளின் உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தால், இடம் மாறப்போகும் யாருக்காவது அப்படியே கொடுத்துவிடலாம்.