கிராஸை மாற்றுவதா, கியரைக் குறைத்துப் பார்ப்பதா?

வேகம் 60-ஐத் தொட்டால் கேபின் தரை உள்ளங்காலில் கூசும், 70-இல் அடங்கிவிடும். மன்னார்குடிப் பக்கம் நெல் ஏற்றும் எங்கள் ஆறு சக்கர லாரிக்குப் போன சம்பா அறுவடையில் வந்த சீக்கு இது. பட்டறைத் தம்பி கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. "கிராஸ் போச்சுண்ணே, மாத்திடுவோம்." கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுற்றைக் கொண்டுபோகும் நீள ஷாஃப்டின் மூட்டுதான் கிராஸ். மாற்றினோம். மறுநாளும் அதே கூச்சம். அப்புறம் ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங். அதற்கும் மசியவில்லை.

மாற்றிப் பார்க்கும் வழி அடியோடு தப்பில்லை. கிராஸைக் கையால் ஆட்டும்போதே ஆட்டம் தெரிந்தாலோ, பேரிங் ரப்பர் கிழிந்து வண்டி எடுக்கும்போதே உதறினாலோ, அதுதான் சீக்கிரம் முடியும் வேலை. ஒன்றும் தெரியாதபோது அது சீட்டுக் குலுக்கல். ஷாஃப்டைத் திரும்ப மாட்டும்போது ஸ்பிளைனில் (ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பல் வரிசை) ஒரு பல் தள்ளிவிட்டால், கிராஸைப் பிடிக்கும் இரண்டு முனை யோக்கும் நேராக நிற்காது. பழைய அதிர்வோடு புதிதும் சேரும். கழற்றுமுன் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

நான் இப்போது முதலில் செய்வது, ஸ்பேனரைத் தொடாமல் ஓட்டிப் பார்ப்பது. மேடு பள்ளமில்லாத டெல்டா இதற்குத் தோது. ஆள் நடமாட்டமில்லாத நேர்ச் சாலையில் அதிர்வு வரும் வேகத்தைப் பிடித்து, வேகம் மாறாமல் ஒரு கியர் குறைக்க வேண்டும். எஞ்சின் சுற்று ஏறும், ஷாஃப்ட் சுற்று மாறாது. அதிர்வு அப்படியே இருந்தால் கோளாறு கியர்பாக்ஸுக்குப் பின்னால். போய்விட்டால் எஞ்சின், மவுண்டிங், கிளட்ச் பக்கம் தேடலாம். டாப் கியர் டைரக்டாக உள்ள வண்டியில் எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே சுற்றில் ஓடும். அதனால் டாப்பிலேயே உருட்டிக்கொண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது. இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள், நானும்தான்.

நொடிக்கு எத்தனை அதிர்வு என்று போன் ஆப் வைத்து அளப்பது இதற்குத் துணை. 10.00-20 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 3.3 மீட்டர் போகும். 60 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 5 சுற்று. கிரவுன் விகிதம் 6 என்றால், அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் ஆறு சுற்றினால், ஷாஃப்ட் நொடிக்கு 30 சுற்று. ஆப் 5 காட்டினால் சக்கரம். (ரிம்மின் உள்பக்கம் வயல் களிமண் காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு டயரில் கைவையுங்கள்.) 30 என்றால் ஷாஃப்ட் வளைவு அல்லது பேலன்ஸ். 60 என்றால், ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை உலுக்கும் கிராஸோ, அது நிற்கும் கோணமோ. ஆனால் நொடிக்கு 100 தடவை மட்டும் அளக்கும் போனை நம்பி 60-ஐத் தேடாதீர்கள், அது 40 என்று பொய் சொல்லும்.

எங்களுக்குக் கியர் குறைத்தும் அதிர்வு போகவில்லை. போன் 30 காட்டியது. குனிந்து பார்த்தால், எடையைச் சமன் செய்ய ஷாஃப்டில் பற்றவைத்த பேலன்ஸ் தகடு விழுந்துபோன தடம்.

திருச்சிக்குக் கொண்டுபோய் மெஷினில் பேலன்ஸ் செய்வதுதான் முறை. கொள்முதல் நிலையத்தில் மூட்டை அடுக்கிக் கிடக்கும் வாரத்தில் அது நடக்கிற காரியமா? இரண்டு ஹோஸ் கிளாம்பை ஷாஃப்டில் கட்டி, எடையாக நிற்கும் அதன் திருகுத் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி ஓட்டிப் பார்த்தோம். நாலாவது தடவையில் கூச்சம் பாதியானது. அதோடு சீசனை ஓட்டிவிட்டு மெஷினுக்குப் போனோம்.

கழற்றிப் போட்ட பழைய கிராஸ் டூல் பாக்ஸில் கிடக்கிறது, துளி ஆட்டமில்லாமல்.