நாலு காயிலுக்குப் பணம் வாங்கினார்கள், மாற்றியது ஒன்று

ஒர்க்‌ஷாப்பில் "காயில் போச்சு", அதாவது காரின் ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் பாகம் கெட்டுவிட்டது என்று சொன்னால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது ஒன்பது வருடப் பழைய, நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில். மூன்று மாதம் முன்பு மதுராந்தகம் தாண்டியதும் வண்டி மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது. இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. அப்படி மின்னும்போது மிதித்து ஓட்டினால் எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். உருட்டிக்கொண்டே வந்து வீட்டருகே ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஸ்கேனர் போட்டுவிட்டு, "நாலு காயிலும் வீக் சார், செட்டா மாத்திடுங்க" என்றார்கள். 11,200 ரூபாய். வண்டி நன்றாக ஓடியது, நானும் எதுவும் கேட்கவில்லை.

போன வாரம் மறுபடி அதே உதறல். இந்த முறை நானே, கோளாறு எண்ணைக் காட்டும் ஓபிடி கருவியை மாட்டினேன். பி0302, அதாவது இரண்டாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை (மிஸ்ஃபயர்). இன்ஜின் ஆறியபின் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு இறங்கினேன். ஒரு காயிலுக்கு ஒரே ஒரு 10 எம்எம் போல்ட்தான். கனெக்டர் லாக்கை அமுக்கி எடுத்து, காயிலை லேசாகத் திருகி மேலே இழுத்தால் வந்துவிடும். ஒயரைப் பிடித்து மட்டும் இழுக்காதீர்கள்.

போன வருடம் பிளக் மாற்றியபோது, இடம் மாறாமலிருக்க, காயிலில் குழிக்குள் இறங்கும் பகுதியில் வெள்ளை பெயின்ட் பேனாவால் 1, 2, 3, 4 என்று எழுதியிருந்தேன். 1, 3, 4 அப்படியே இருந்தன! தலையை மட்டும் துடைத்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள். இரண்டாவது மட்டும் புதுசு. அதன் மேல் அச்சிட்டிருந்த எழுத்து கட்டைவிரலால் தேய்த்ததும் மையாகக் கையில் ஒட்டியது. வயிறு எரிந்தது.

அந்தக் காயிலை மூன்றாவதோடு இடம் மாற்றிப் போட்டு, பழைய கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஓடவிட்டேன். பி0303 வந்தது. காயில் போன இடத்துக்கே கோளாறும் போனதால் பிளக்கோ இன்ஜெக்டரோ காரணமில்லை, காயில்தான். காசே செலவாகாத சோதனை இது. மெக்கானிக்கை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். பழைய பாகங்களைக் கையில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள்.

ஷோரூம் பார்ட்ஸ் கவுன்ட்டரில் பில்லோடு ஒரே ஒரு காயில் வாங்கி மாட்டினேன். இருபது நிமிட வேலை. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், "எங்க பசங்க அப்படிப் பண்ண மாட்டாங்க சார்" என்கிறார்கள். பில்லில் 'காயில் 4' என்று மட்டும் இருக்கிறது, பார்ட் நம்பர் இல்லை. அந்த வெள்ளை எண்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.