கேரக்டர் படத்துக்கு எந்த வண்ணம்: வாட்டர் கலரா, கலர் பென்சிலா, போஸ்டர் கலரா?

ரோல்பிளேயிங் கேமில் (ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து விளையாடும் ஆட்டம்) வரும் கேரக்டர் முதல் நாள் இருந்த மாதிரியே கடைசிவரை இருக்காது. மூன்றாம் லெவலில் கன்னத்தில் வெட்டுக்காயம் விழும். ஐந்தில் தோல் கவசம் போய் இரும்புக் கவசம் வரும். கையால் வரைந்த படமும் கூடவே மாற வேண்டும். அதனால் எந்த வண்ணத்தின்மேல் பிறகு திருத்த முடியும் என்பதையே நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். போஸ்டர் கலர் பக்கம் சாய்வது அதற்காகத்தான்.

வாட்டர் கலரின் அழகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) கெட்டித் தாள் வேண்டும். வேலூரின் மே மாத மத்தியானத்தில், ஃபேன் ஓடும்போது, கன்னத்தில் தடவிய நிறம் பரவுவதற்குள் காய்ந்து ஓரத்தில் கோடு விழும். விடியற்காலையில் ஃபேனை நிறுத்திவிட்டு வரைந்தால் சமாளிக்கலாம். ஆனால் கருத்த முடிமேல் பின்னாளில் வெள்ளி நெற்றிப்பட்டம் வரைய வழியில்லை. அடியில் இருப்பதை இது மறைக்காது.

கலர் பென்சிலில் ஈரமோ பிசுக்கோ இல்லை, கேம் நடக்கும்போதே வரையலாம். ஆறேழு மெல்லிய அடுக்கில் தோல் நிறம் நன்றாக வரும். பென்சிலில் உள்ள மெழுகு, தாளின் சொரசொரப்பை அடைத்துவிட்டால் அடுத்த அடுக்கு வழுக்கும். அடர்ந்த இடங்களில் கொஞ்ச நாளில் வெண்படலமும் பூக்கும். மெல்லிய துணியால் துடைத்தால் போகும். எண்ணெய் சார்ந்த பென்சிலில் இந்தத் தொல்லை குறைவு.

போஸ்டர் கலர் அடியில் இருப்பதை மறைக்கும், அதனால் மேலே திருத்தலாம். அதைப் பாலேடு பதத்தில் கரைத்து, முதலில் நடு நிறம், அடுத்து நிழல், கடைசியில் வெளிச்சம் என்று வையுங்கள். தோலுக்கு பர்ன்ட் சியென்னா (செம்பழுப்பு), எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), வெள்ளை. நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், சியென்னாவில் துளி நீலம் போதும். குதிரை வீரன் என்றால் வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். பாயும் குதிரைமேல் ஆள் உட்காரும் வாகு அதில் இருக்கிறது.

திருத்தும்போது இரண்டு சிக்கல் வரும். முதலாவது நிறம். காய்ந்தால் வெளிர் நிறம் கருக்கும், அடர் நிறம் வெளிறும். ஈரத்தில் நிறம் பொருத்திப் போட்ட திருத்தம் மறுநாள் தனியாகத் தெரியும். அதற்காகவே படத்தின் பின்பக்கம் ஒவ்வொரு கலவையையும் ஒரு பொட்டு வைத்து, எத்தனை பங்கு எது என்று எழுதிவையுங்கள். திருத்தும் நாளில் கலவையைத் துண்டுத் தாளில் தடவி, காய்ந்த பிறகு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, தண்ணீர் பட்டால் அடி வண்ணம் கிளம்பிச் சேறாகும். காயத்துக்கு 1ஆம் நம்பர் பிரஷ், கெட்டி வண்ணம், ஒரே இழுப்பு. கலங்கினால் கையை எடுத்துவிடுங்கள். முழுக்கக் காய்ந்தபின் மறுபடி தொடலாம். ஒரே இடத்தில் தடிமன் ஏறினால் தாள் வளையும்போது வெடிக்கும். கவசத்தையே மாற்றுவதானால் பழையதை ஈர பிரஷால் இளக்கி, டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டுப் போடுங்கள். தாளைத் தொடக்கத்திலேயே கெட்டி அட்டையில் ஒட்டிவிட்டால் வளைவதும் குறையும்.

கோடையில் கலந்த வண்ணம் தட்டிலேயே இறுகிவிடும். மூடியுள்ள டப்பாவில் நனைத்த டிஷ்யூ விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு அதில் கலக்குங்கள். ஓரிரு நாளுக்கு மேல் வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.