வால்பாறை 'அரிய விலங்கு டூர்': பணம் அனுப்பும் முன் படியுங்கள்

போன மாதம் மனைவி, பையனோடு வால்பாறை போய் நன்றாக ஏமாந்து வந்தேன். சிங்கவால் குரங்கு, கருமந்தி, வரையாடு, ராத்திரியில் தேவாங்கு, எல்லாம் காட்டுவோம், அக்காமலை புல்மலைக்குப் போக வனத்துறை அனுமதி எங்களிடம் இருக்கிறது, காடு தெரிந்த வழிகாட்டி கூடவே வருவார் என்று வாட்ஸ்அப்பில் சொன்னார்கள். தலைக்கு 9,500 ரூபாய். நம்பி 20,000 அட்வான்ஸ் அனுப்பினேன்.

பொள்ளாச்சிக்கு வந்தது டிரைவர் மட்டும். வழிகாட்டி எங்கே என்றால் "நான்தான் சார்" என்கிறார். 9-வது கொண்டை ஊசி வளைவில் நிறுத்தி வரையாடு காட்டினார். பஸ்ஸில் போகிறவர்களே ஜன்னல் வழியாகப் பார்க்கிற ஆடுகள்தான் அவை. சரி, பார்த்தாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் வால்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் புதுத்தோட்டம் எஸ்டேட். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்கு, அங்கே தேயிலைக்கு நடுவே துண்டுபட்டுப்போன சின்னக் காட்டில் வாழ்வதால் ரோட்டைக் கடந்துதான் ஆக வேண்டும். அடிபடாமல் இருக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். இந்த ஆள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நடுரோட்டில் வீசினார், "கிட்ட வரும் சார், போட்டோ எடுங்க" என்று. குட்டியை வயிற்றோடு அணைத்தபடி ஒரு தாய் இறங்கி வந்தது. கறுத்த முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் நுனியில் குஞ்சம். பிஸ்கட்டோடு சேர்த்துப் பாக்கெட் காகிதத்தையும் வாயில் திணித்துக்கொண்டிருக்கும்போதே வளைவில் லாரி ஹாரன் கேட்டது. பையன் அலறிவிட்டான். மயிரிழையில் தப்பித்தன இரண்டும். டிரைவரைத் திட்டினேன், ஆனால் அதற்குள் நானும் போட்டோ எடுத்திருந்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

ராத்திரி 'தேவாங்கு நடை' என்றது எஸ்டேட் ரோட்டில் வண்டியை ஓட்டிக்கொண்டே மரங்கள்மேல் வெள்ளை ஸ்பாட்லைட் அடிப்பது. இருட்டுக்கென்றே அமைந்த கண்கள் அதற்கு. விவரம் தெரிந்தவர்கள் மங்கலான சிவப்பு விளக்குதான் வைத்திருப்பார்கள். அப்புறம் வனத்துறை ஜீப் வந்தது. "கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லிடுங்க சார்" என்றார் டிரைவர். நான் உள்ளதைச் சொன்னேன். அனுமதிக் கடிதம் என்று ஒரு துண்டுத்தாள்கூட அவரிடம் இல்லை. அபராதத்தை எங்கள் தலையில் கட்டினார், புல்மலைக்கும் போகவில்லை.

டாப்சிலிப்பில் வனத்துறையே வண்டியில் காட்டுக்குள் அழைத்துப் போகிறது என்று ஜீப்பில் வந்த வனக்காவலர்தான் சொன்னார். அங்கேயே டிக்கெட் வாங்கலாம், ரசீது தருவார்கள். தனியாரிடம்தான் போவீர்கள் என்றால், எந்த இடத்துக்கு, எந்தத் தேதிக்கு அனுமதி என்று எழுதிய கடிதத்தை அனுப்பச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். டிரைவர் கேட்டாரே என்று அன்றைக்கு அனுப்பிவைத்த என் போட்டோதான் இப்போது அவர்களுடைய அடுத்த டூர் விளம்பரத்தில் இருக்கிறது. அந்தத் தாயும் குட்டியும்தான். பிஸ்கட் கிடந்த ரோட்டை மட்டும் வெட்டியிருக்கிறார்கள்.