மியூனிக்கில் இருந்து ஊர்க் கணக்கை ஓட்டுவது: பல வருட அனுபவம்

ஜெர்மனிக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, 'எந்த பேங்க்ல என்ஆர்இ டெபாசிட்டுக்கு வட்டி அதிகம்?' என்பதுதான். என்ஆர்இ என்பது வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தைப் போட்டுவைக்க வெளிநாடு வாழ் இந்தியர்கள் ஊரில் வைத்திருக்கும் கணக்கு. கால் சதவீதம், அரை சதவீதம் வட்டி குறைந்ததால் நான் ஒருநாளும் அவதிப்பட்டதில்லை. ஓடிபி வராமல் அவதிப்பட்டிருக்கிறேன். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று காகிதம் திரும்பி வந்து அவதிப்பட்டிருக்கிறேன். எனவே வங்கியைத் தேர்ந்தெடுக்கும்போது, நேரில் போகாமல் எத்தனை வேலை முடியும் என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

நான் கிளம்பும்போது கும்பகோணத்தில் ஒரு பொதுத்துறை வங்கிக் கணக்கும், சென்னையில் வேலைக்குச் சேர்ந்தபோது திறந்த ஒரு தனியார் வங்கிச் சம்பளக் கணக்கும் இருந்தன. கூடவே பங்குகள் வைத்திருக்கும் ஒரு டீமேட் கணக்கு, சில மியூச்சுவல் ஃபண்டுகள், பிபிஎஃப் என்கிற 15 வருடச் சேமிப்புக் கணக்கு ஒன்று. அடிப்படை விஷயம் பலருக்கும் தெரிந்ததுதான். வேலைக்காக வெளிநாடு போய்விட்டால் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்க ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டம் விடாது. அதை என்ஆர்ஓ ஆக்க வேண்டும். இங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்இ. வாடகை, டிவிடெண்ட் மாதிரி ஊரில் கிடைக்கும் வருமானத்துக்கு என்ஆர்ஓ. என்ஆர்இ பணத்தைத் திருப்பி எடுத்துவரத் தடையில்லை. என்ஆர்ஓவில் இருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை எடுத்துவரலாம், ஆனால் வரி கட்டியதற்கான படிவங்கள் கேட்பார்கள்.

இனி சிம் கார்டு. இந்திய எண்ணை இசிம்மாக மாற்றி, ஜெர்மன் எண்ணோடு ஒரே போனில் வைத்திருக்கிறேன். ரோமிங்கில் குறுஞ்செய்தி வாங்குவதற்குக் காசு இல்லை, ஆனால் எண் உயிரோடு இருக்க ரீசார்ஜ் மட்டும் தவறக்கூடாது. சில வங்கிகள் வெளிநாட்டு எண்ணுக்கே ஓடிபி அனுப்புகின்றன, மின்னஞ்சலுக்கும் அனுப்புகின்றன. ஆனால் ஆதாரும், ஃபண்டு கம்பெனிகளில் உள்ள பழைய ஃபோலியோக்களும் (முதலீட்டுக் கணக்குகள்) இந்திய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். 2023 ஜனவரியில், யுபிஐயை நடத்தும் என்பிசிஐ, வெளிநாட்டு எண்ணிலேயே யுபிஐ பயன்படுத்த 10 நாடுகளுக்கு அனுமதி கொடுத்தது. சிங்கப்பூர், அமெரிக்கா, அமீரகம் எல்லாம் அதில் இருந்தன, ஜெர்மனி இல்லை. இங்கே இருப்பவர்களுக்கு இந்திய எண்தான் கதி.

இதில் அதிகம் பேர் பேசாத ஒன்று உண்டு. வங்கிச் செயலிகள் பல, புதுப் போனில் போட்டவுடன், அந்த சிம்மில் இருந்து தானாகவே ஒரு குறுஞ்செய்தி அனுப்பித்தான் பதிவு செய்துகொள்ளும். இங்கே ரோமிங்கில் பல சமயம் அந்தச் செய்தி போகாது, அல்லது போவதற்குள் செயலி 'நேரம் முடிந்தது' என்று சொல்லிவிடும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம்: புதுப் போன் இங்கே வாங்கினாலும், ஊருக்குப் போகிற வரை பழைய போனைத் தூக்கிப் போடுவதில்லை. சென்னையில் இறங்கிப் பெட்டிக்காகக் காத்திருக்கும்போதே எல்லாச் செயலிகளையும் புதுப் போனில் பதிந்துவிடுவேன். மனைவிக்கு இது ஒரு கேலிப்பொருள்.

அப்புறம் கேஒய்சி, அதாவது வாடிக்கையாளரின் அடையாளத்தையும் முகவரியையும் வங்கி சரிபார்ப்பது. அந்தத் தனியார் வங்கி ஒருநாள் என் கேஒய்சி காலாவதி என்று சொல்லிக் கணக்கில் இருந்து பணம் எடுப்பதை நிறுத்தியது. மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டுக்குப் போகும் எஸ்ஐபி தவணை அந்த மாதம் திரும்பிவிட்டது. வீடியோவில் முடிக்கலாம் என்று ஒரு இணைப்பு அனுப்பினார்கள். திறந்து, இருப்பிடம் பார்க்க அனுமதி கொடுத்ததும், 'நீங்கள் இந்தியாவில் இல்லை' என்று சொல்லி மூடிக்கொண்டது. வெளிநாட்டில் இருப்பவனின் கணக்கு என்று அவர்களுக்கே தெரியும், அதற்கு எதற்கு அந்த இணைப்பு? ரிசர்வ் வங்கி விதிப்படி வீடியோ கேஒய்சிக்கு ஆள் இந்தியாவுக்குள் இருக்க வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது.

கிளையோடு பேச வேண்டுமானால், அங்கே காலை பத்து மணி என்பது இங்கே குளிர்காலத்தில் அதிகாலை ஐந்தரை. போர்வைக்குள் இருந்தபடியே பேசினேன். பாஸ்போர்ட், இங்கத்திய வசிப்பிட அட்டை, முகவரிச் சான்று மூன்றிலும் சான்றொப்பம் வேண்டும் என்றார்கள். அதை இந்தியத் தூதரகத்தில் வாங்கலாம், உள்ளூர் நோட்டரியிடம் வாங்கலாம், இந்திய வங்கியின் வெளிநாட்டுக் கிளையிலும் வாங்கலாம். ஃபிராங்ஃபர்ட்டில் ஸ்டேட் பேங்க் கிளை உண்டு, ஆனால் எனக்கு மியூனிக் துணைத் தூதரகமே பக்கம். சான்றொப்பம் வாங்கி, கூரியரில் அனுப்பி, சேர்ந்த தகவலும் வந்தது. பிறகு கிளையில் இருந்து ஒரு அம்மா கூப்பிட்டார்.

"சார், கையெழுத்து மேட்ச் ஆகல. கணக்கு ஆரம்பிக்கும்போது போட்டதுல கடைசி எழுத்து கீழ வளைஞ்சிருக்கு. இதுல நேரா போகுது."

"மேடம், பாஸ்போர்ட்ல இருக்கிற கையெழுத்தோட ஒத்துப்போகுதுல்ல?"

"அது ஒத்துப்போகுது சார். எங்க சிஸ்டத்துல இருக்கிறதோட ஒத்துப்போகணுமே."

அவர் மேல் குற்றமில்லை, திரையில் இருப்பதை வைத்துத்தானே பேச முடியும். ஆனால் அதற்கு மேல் யாரும் பொறுப்பெடுக்கவில்லை. நான் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்பி, 30 நாள் கழித்தும் பதில் இல்லாததால், ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் தளத்தில் அதே கடிதத்தை ஏற்றினேன். 2021 நவம்பரில் தொடங்கிய திட்டம் அது. உட்கார்ந்த இடத்தில் இருந்தே புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. அதன்பின் வங்கியே அழைத்து, பாஸ்போர்ட்டை ஆதாரமாக வைத்துக் கையெழுத்தைப் புதுப்பித்துக் கொடுத்தது. மின்னஞ்சலில் நடந்ததை எல்லாம் தேதி வாரியாகச் சேர்த்து வைத்திருந்தது அப்போது கைகொடுத்தது. அந்தக் கணக்கை அடுத்த விடுமுறையில் மூடிவிட்டேன்.

வட்டிக்கு வருகிறேன். 2022 செப்டம்பரில் ஒரு யூரோ ஏறக்குறைய 80 ரூபாய். அன்று 1000 யூரோ அனுப்பி 6 சதவீத வட்டியில் மூன்று வருடத்துக்கு என்ஆர்இ டெபாசிட் போட்டிருந்தால், 80,000 ரூபாய் 95,000 சொச்சம் ஆகியிருக்கும். 2025இல் யூரோ 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. 100 என்றே வைத்துத் திருப்பி எடுத்தாலும் 950 யூரோவுக்குச் சற்றே மேல்தான். மூன்று வருட வட்டியும் சேர்ந்தே இந்தக் கணக்கு! ஊருக்குத் திரும்பப் போகிறவருக்கு இது நஷ்டமே இல்லை, செலவும் ரூபாயில்தானே. ஆனால் இங்கே வீடு வாங்க முன்பணம் சேர்க்கிறவர் என்ஆர்இ வட்டியைப் பார்த்து மயங்கக் கூடாது என்பது என் கருத்து.

அந்த வட்டிக்கும் வரி உண்டு. 'என்ஆர்இ வட்டி வரி இல்லாதது' என்று வங்கி விளம்பரத்தில் போடுவது இந்தியாவைப் பொறுத்தவரை சரி. துபாயில் இருப்பவருக்கும் சிங்கப்பூரில் இருப்பவருக்கும் அத்தோடு முடிந்தது. ஜெர்மனியில் வசிப்பவர் உலகத்தில் எங்கே வட்டி வந்தாலும் இங்கே காட்ட வேண்டும். 25 சதவீதம், அதன் மேல் கூடுதல் வரி சேர்த்து 26.375. வருடத்துக்கு 1000 யூரோ வரை மூலதன வருமானத்துக்கு விலக்கு உண்டு, 2023க்கு முன்பு அது 801. இங்கே ஆண்டு ஜனவரியில் தொடங்கும், இந்திய வங்கி தரும் வட்டிச் சான்றிதழோ ஏப்ரல் முதல் மார்ச் வரை. அதனால் அந்தச் சான்றிதழை ஒதுக்கிவிட்டு, ஸ்டேட்மென்ட்டில் வட்டி வரவு வைத்த தேதிகளைப் பார்த்து நானே கூட்டி எழுதுகிறேன். முழுக் கணக்கு வேலையில் சலிப்பூட்டுவது இதுதான்.

என்ஆர்ஓ வட்டியில் வங்கி 31.2 சதவீதம் பிடிக்கும். இந்திய-ஜெர்மன் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி அந்த வரி 10 சதவீதம்தான், ஆனால் அதற்கு இங்கத்திய வரி அலுவலகத்தில் வசிப்பிடச் சான்று வாங்கி, இந்திய வருமான வரித் தளத்தில் அதற்கான படிவமும் போட்டு, வங்கிக்கு ஒவ்வொரு நிதியாண்டும் கொடுக்க வேண்டும். இங்கே கட்டும் வரியில் அந்த 10 கழிந்துவிடும். வட்டி ஒரு சில ஆயிரம்தான் என்றால் இந்த அலைச்சல் தேவையில்லை. பிடிக்கட்டும் என்று விட்டு, ரிட்டர்ன் போட்டு திரும்ப வாங்கலாம். ரிட்டர்னில் ஐடிஆர்-1 படிவம் நமக்கு ஆகாது, ஐடிஆர்-2 போட வேண்டும். '12 லட்சம் வரை வரி இல்லை' என்ற செய்தியும் நமக்கு இல்லை, அந்தத் தள்ளுபடி இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும்.

மியூச்சுவல் ஃபண்டில் இந்தியப் பக்கம் எளிது: கேஒய்சியில் வெளிநாடு வாழ்பவர் என்று மாற்றிவிட்டால், விற்கும்போது லாபத்தில் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். ஜெர்மன் பக்கம்தான் இழுக்கும். விற்காமல் வைத்திருந்தாலும் வருடாவருடம் ஒரு முன்கூட்டிய வருமானம் கணக்கிட்டுக் காட்டச் சொல்கிறது இங்கத்திய சட்டம். பழைய ஃபோலியோக்களை இரண்டாகக் குறைத்துவிட்டேன், புதிதாக எதுவும் போடுவதில்லை. அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் நிலை இன்னும் மோசம். பல ஃபண்டு கம்பெனிகள் அவர்கள் பணத்தை வாங்குவதே இல்லை.

இப்போது மிச்சம் இருப்பது அந்தக் கும்பகோணம் வங்கியில் ஒரு என்ஆர்இ, ஒரு என்ஆர்ஓ. செயலி பார்க்கச் சுமார்தான். ஆனால் கிளையில் மின்னஞ்சலுக்குப் பதில் போடுகிறார்கள், அப்பாவையும் தெரியும். என்ஆர்இயில் அப்பாவுக்கு மேண்டேட், அதாவது என் சார்பில் கணக்கை இயக்கும் அனுமதி, கொடுத்திருக்கிறேன். வீட்டு வரி, அம்மாவின் மருத்துவச் செலவு எல்லாம் அவரே எடுத்துக் கட்டுகிறார். பவர் பத்திரம் அளவுக்குப் போகத் தேவைப்படவில்லை. 2025 நவம்பரில் இருந்து ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்று வந்ததும், மனைவியோடு தங்கையையும் சேர்த்தேன்.

பாக்கி பிபிஎஃப். வெளிநாடு போனபின் புதிதாகத் திறக்க முடியாது, பழையதை 15 வருடம் முடியும் வரை தொடரலாம், நீட்டிக்க முடியாது. முதிர்ந்ததும் பணம் என்ஆர்ஓவுக்குத்தான் வரும். தங்கை வீடு கட்டுகிறாள், அங்கேயே செலவாகிவிடும் என்பதால் அதைத் திருப்பி எடுத்துவரும் படிவங்களை நான் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை.