பழைய ப்ராசசர் ‘இனி கிடைக்காது’ என்றதை நம்பி 85 டாலரை விட்டேன்

நேற்று ராத்திரிதான் ப்ராசசர் விற்ற கடையிடமிருந்து கடைசி பதில் வந்தது. “உங்கள் கோரிக்கை பரிசீலித்து முடிக்கப்பட்டது.” அவ்வளவுதான். 85 டாலர் போனது போனதுதான். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். அடங்கிவிட்டால் நானே “சரி, தொலையட்டும்” என்று விட்டுவிடுவேன். புது மாடல் வரும்போது பழைய ப்ராசசரின் விலை எப்போது இறங்கும், எப்போது ஏறும், எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையெல்லாம் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அக்கா மகன் வீடியோ எடிட்டிங் செய்கிறான். பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்தில் ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய வேண்டும் என்று என்னிடம் வந்தான். எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் என்றால் மாமாதான். 20 வருடமாக எல்லார் வீட்டுக்கும் பாகம் பாகமாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தவன் நான். அந்தப் பெருமைக்கு விழுந்த அடி இது.

தேவைப்பட்டது ஏஎம்5 (ஏஎம்டி கம்பெனியின் சாக்கெட், அதாவது ப்ராசசர் மாட்டும் இடம்) மதர்போர்டில் உட்காரும் 8 கோர் ரைசன். ரைசன் என்பது ஏஎம்டி-யின் ப்ராசசர் வரிசை, கோர் என்பது உள்ளே கணக்குப் போடும் பகுதி. மாடல் எண்ணை எழுதவில்லை. எழுதினால் அது நல்லதா, வேறொன்றை வாங்கியிருக்கலாமா என்று பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். அதற்கு அடுத்த மாடல் கடைக்கு வர 6 நாள் இருந்தது. என் கணக்கு எல்லாரும் போடுகிற கணக்குதான்: புதுசு வரட்டும், பழசு இறங்கட்டும், அப்போது வாங்கலாம்.

கம்ப்யூட்டர் பாகங்களை மட்டும் ஆன்லைனில் விற்கிற கடை. 318 டாலர் என்று போட்டிருந்தது. அதன் கீழே சிவப்பு எழுத்தில் “கடைசி 3 மட்டும்”. வாங்கும் எண்ணமில்லாமல்தான் சாட்டைத் திறந்து, புது மாடல் வந்ததும் இது குறையுமா என்று கேட்டேன்.

“சார், அப்படி நினைச்சு 7800எக்ஸ்3டி-க்குக் காத்திருந்தவங்கதான் ஏமாந்தாங்க. புதுசு வந்தா பழசு கிடைக்காது. விலை ஏறும்.”

என்னைக் கவிழ்த்தது இந்த ஒரு வரி. ஏனென்றால் 7800எக்ஸ்3டி விஷயத்தில் அது உண்மை. 2023 ஏப்ரலில் 449 டாலருக்கு வந்த ஏஎம்டி ப்ராசசர் அது. 2024 நடுவில் 350-க்கும் கீழே கிடைத்தது. அதற்கு அடுத்ததான 9800எக்ஸ்3டி நவம்பரில் வரப்போகிறது என்ற பேச்சு வந்தபோது இன்னும் இறங்கும் என்றுதான் பலரும் காத்திருந்தார்கள். நடந்தது தலைகீழ். கடைகளில் சரக்கு வற்றியது, விலை வெளியீட்டு விலையான 449-ஐயும் தாண்டிப் போனது. காத்திருந்து கோட்டை விட்டவர்களில் என் நண்பர் ஒருவரும் உண்டு. அந்த ஞாபகம் சரியாக அந்த நேரத்தில் வந்து நின்றது.

இப்போது நிதானமாக யோசித்தால் ஓட்டை எங்கே என்று தெரிகிறது. 7800எக்ஸ்3டி அப்போது கேம் ஆடுகிறவர்களின் முதல் தேர்வு. அதன் 96 எம்பி எல்3 கேஷுக்காகவே (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) தேடி வாங்கினார்கள். புதுசு வருவதற்கு முன்பே சரக்கு தீர்ந்ததால் விலை ஏறியது. நான் வாங்கியதோ எக்ஸ்3டி (கூடுதல் கேஷ்) இல்லாத சாதாரண வகை, எல்லாக் கடையிலும் அடுக்கி வைத்திருந்தார்கள். புதுசும் அதே ஏஎம்5 போர்டில் உட்காரும். அப்படியிருக்க, பழசுக்கு யார் கூடுதல் பணம் கொடுப்பார்கள்? கையில் இருப்பதைத் தள்ளிவிடத்தான் கடைக்காரன் பார்ப்பான்.

போர்டு மாறினால் கதை வேறு. இன்டெல் ஐ7-7700கே 2017 ஜனவரியில் 339 டாலருக்கு வந்தது. அதே வருடம் அக்டோபரில் அடுத்ததான 8700கே 359 டாலருக்கு வந்துவிட்டது, 4 கோருக்குப் பதில் 6 கோர். நியாயமாகப் பார்த்தால் 7700கே சரிந்திருக்க வேண்டும். ஆனால் சாக்கெட் வடிவம் ஒன்றாக இருந்தும் 8700கே பழைய போர்டுகளில் வேலை செய்யாது. பழைய போர்டு வைத்திருந்தவர்களுக்கு உச்சம் 7700கேதான், அதனால் செகண்ட் ஹேண்டிலும் வருடக்கணக்கில் அது விலை குறையாமல் நின்றது. ஏஎம்டி-யின் முந்தைய சாக்கெட்டான ஏஎம்4-இல் 5800எக்ஸ்3டி-க்கும் அதே மவுசு. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

தயங்கினேன். அப்போது அந்த சாட் ஆசாமி அடுத்த வரியைப் போட்டார்: “30 நாளுக்குள்ள எங்க கடையிலேயே விலை குறைஞ்சா வித்தியாசத்தைத் திருப்பித் தர்றோம் சார்.”

அக்கா மகன் என் முகத்தைப் பார்த்தான். ஏறினால் லாபம், இறங்கினால் பணம் திரும்ப வரும், நமக்கு என்ன நஷ்டம் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். “போடுடா” என்றேன். அவன் பெருவிரலை வைத்தான், 318 டாலர் போனது. கூலர் வாங்க வைத்திருந்த பணத்திலும் கை வைத்துத்தான்.

வந்தது பாக்ஸ் இல்லை. பிளாஸ்டிக் உறைக்குள் ப்ராசசர் மட்டும், மேலே கடையின் ஸ்டிக்கர். கேட்டதற்கு “ட்ரே பீஸ் சார், உள்ள அதேதான்” என்றார்கள். அதே இல்லை. பாக்ஸில் வருவதற்கு ஏஎம்டி, இன்டெல் இருவருமே 3 வருட வாரன்டி தருகிறார்கள். ட்ரே என்றால் கம்பெனியிடம் போக முடியாது, விற்றவர்தான் கதி. அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். பையன் ஆசையாக இருந்தான், விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் விட்டேன். ஏஎம்5 ப்ராசசரின் உலோக மூடி ஓரங்களில் நண்டுக்கால் மாதிரி வெட்டு வெட்டாக இருக்கும். அந்த இடுக்குகள் இரண்டில் சாம்பல் நிறத்தில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. தூசு என்று நினைத்துப் பஞ்சால் துடைத்தேன், வழவழவென்று இழுத்தது. தெர்மல் பேஸ்ட், கூலரை மாட்டும்போது ப்ராசசர் மேல் தடவுகிற பசை. யாரோ மாட்டிக் கழற்றிய பீஸ்! கண்ணால் பார்த்துவிட்டு, “டெஸ்ட் பண்ணியிருப்பார்கள்” என்று நானே அவர்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு மாட்டினேன் பாருங்கள், அதற்கு என்னைத்தான் உதைக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நாள் அவன் போனை நீட்டினான். “மாமா, இது நாம வாங்கினதுதானே?” அதே கடை, அதே படம். 233 டாலர். வித்தியாசம் 85.

அன்றே சாட்டில் எழுதினேன். டிக்கெட் எண் கொடுத்து 48 மணி நேரம் பொறுக்கச் சொன்னார்கள். ஐந்து நாள் கழித்து, “இப்போது இருப்பது சலுகை விலை, சலுகை என்பது விலைக் குறைப்பு ஆகாது” என்று மெயில். தமிழே மறந்துவிட்டது எனக்கு. போன் செய்தால் ஒரு பெண் மிக மரியாதையாக, நான் சாட்டில் பேசியது அவர்கள் ஊழியரே இல்லை, வெளி ஏஜென்சி என்றார். மறுபடி மெயில் போட்டேன். “விலைப் பாதுகாப்பு பாக்ஸ் பொருளுக்கு மட்டும். நீங்கள் வாங்கியது ட்ரே.” ட்ரே என்று எங்கே சொன்னீர்கள் என்று கேட்டால், விவரப் பக்கத்தில் இருக்கிறதாம். போய்ப் பார்த்தேன். இப்போது இருக்கிறது. சரி, பயன்படுத்திய பீஸைக் கொடுத்தீர்களே என்றால், மாட்டிய பிறகு புகார் செல்லாதாம், திருப்பி அனுப்பும் 10 நாளும் முடிந்துவிட்டதாம்.

சாட்டை மூடியதும் உரையாடல் அழிந்துவிடுகிறது. என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. அக்கா மகன் நண்பனுக்குக் காட்ட எடுத்த ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. அதில் 318 டாலர் விலை இருக்கிறது, சிவப்பு எழுத்து இருக்கிறது. அந்த வாக்குறுதி இல்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், அந்தப் பொறுமை இப்போது இல்லை. அவசரத்துக்கு இவை போதும். புதுசும் அதே போர்டில் உட்கார்ந்து, பழசு எல்லாக் கடையிலும் கிடைத்தால் காத்திருங்கள். உங்கள் போர்டுக்கு அதுதான் கடைசி உச்சம் என்றால் ரொம்ப நாள் காத்திருக்காதீர்கள். எதிர்க் கம்பெனியின் வெளியீட்டையும் பாருங்கள்: 2022 செப்டம்பரில் 699 டாலருக்கு வந்த ரைசன் 9 7950எக்ஸ், அக்டோபரில் இன்டெலின் 13-ஆம் தலைமுறை வந்தபின், நவம்பருக்குள் விலை இறங்கிவிட்டது. பாக்ஸா ட்ரேயா என்று மெயிலில் எழுதி வாங்குங்கள். சாட்டில் சொல்வதை அங்கேயே படம் எடுங்கள். மாட்டும் முன் மூடியின் ஓரங்களையும் படம் எடுங்கள். செகண்ட் ஹேண்டில் இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ஐ9 மலிவாக வந்தால் பாயாதீர்கள். மின்னழுத்தக் கோளாறால் அவற்றில் பல கெட்டுப்போய், 2024-இல் கம்பெனியே பாக்ஸ் பீஸ்களுக்கு வாரன்டியை 2 வருடம் நீட்ட வேண்டி வந்தது.

அப்புறம், அந்தச் சிவப்பு எழுத்து. இன்று காலையில் போய்ப் பார்த்தேன். 233 டாலர், கீழே “கடைசி 3 மட்டும்”.